கொதிகலன் அறைக் கதவு

பம்பு ஓட ஆரம்பித்துவிட்டது. இனி ஒன்றரை மணி நேரம் செண்பகவல்லிக்கு ஒரு வேலையும் கிடையாது. அருங்காட்சியகத்து ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொட்டியில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். இதையும் ஒரு உத்தியோகம் என்று சொன்னால் கோவில்பட்டியில் இருக்கும் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். ஏழடித் தொட்டி. அதற்குள் ஆறு வருஷமாக ஒரு கதவு நிற்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் தூத்துக்குடிக்குத் தெற்கே மூழ்கிப்போன இரும்புக்கவசக் கப்பலின் கொதிகலன் அறைக் கதவு. முந்நூற்றைம்பது கிலோ தேனிரும்பு. கடலில் நூறு வருஷம் கிடந்த இரும்பு உப்பைக் குடித்து ஊறிப்போயிருக்கும். எடுத்து அப்படியே காயவைத்தால் ஒரு மாதம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் அதற்கு வேர்க்கும். ஆமாம், இரும்புக்கு வேர்க்கும், ஆரஞ்சு நிறத்தில், சொட்டுச் சொட்டாக. அடுத்த மழைக்குள் பொரித்த அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்துவிடும், பெருக்கி வாளியில் அள்ள வேண்டியதுதான். அதனால் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் நிறுத்தி உப்பை வெளியே இழுக்க வேண்டும். இழுக்கிற வேகத்தில்தான் இழுக்க முடியும். மாதம் ஒருமுறை ஒரு குப்பியில் தண்ணீர் எடுத்து, சோடாவை அமிலத்தால் அடக்கி, வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு விடுவாள்; பால் திரிந்த மாதிரி வெள்ளையாக வந்தால் உப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அறுபது மாதங்களுக்கு மேல் திரிந்துகொண்டே இருந்தது, கடைசி மூன்று மாதம் திரியவில்லை. இரும்பு உப்பை விட்டதோ இல்லையோ, அவள் பெருவிரல் ரேகையை விட்டுவிட்டது. கையுறை போட்டும் சோடா தன் வேலையைக் காட்டியிருக்கிறது. காலையில் வருகைப் பதிவு இயந்திரத்தில் விரலை வைத்தால் மீண்டும் முயலவும், மீண்டும் முயலவும் என்று அது கெஞ்சுகிறது. அதனால் அவளுக்கு மட்டும் வாசலில் பழைய நோட்டு. நோட்டைத் திருப்பி வைத்து, பேனா மூடியைக் கழற்றி நீட்டுகிறவர் கொம்பையா. வணக்கம்மா. வணக்கம். ஆறு வருஷமாக அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. இன்று காலை அவள்தான் கூடுதலாக ஒன்று சொன்னாள்: "பதினோரு மணிக்கு ஷெட்டுக்கு வாங்க. தோட்டத்து ஹோஸையும் கொண்டாங்க." அவர், "சரிம்மா" என்றார். அந்தச் சரிம்மாவை அவள் அப்போதிருந்து புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதில் கோபம் இருந்ததா? சலிப்பா? எதற்கு என்று ஏன் கேட்கவில்லை? ஒரு மனிதன் எதற்கு என்றுகூடக் கேட்காமல் சரி என்று சொன்னால் அது மரியாதையா, இல்லை இனி உன்னிடம் கேட்க எனக்கு எதுவுமில்லை என்பதா? மணி இப்போது பத்தேகால்.

தண்ணீர் நாலு விரல் இறங்கியிருக்கிறது. கதவின் மேல்விளிம்பு தெரிகிறது, கறுப்பாக, ஒழுங்காக. நொறுங்கவில்லை. நல்லது. அந்தக் கப்பலுக்கு வெள்ளைக்காரன் ஏதோ ஒரு ராணியின் பேரை வைத்திருந்தான். அருங்காட்சியகத்தின் நுழைவாயில் பலகையில் அந்தப் பேர் இருக்கிறது. கரையில் ஒருத்தர் வாயிலும் இல்லை. மீன்பிடிக்கிறவர்களுக்கு அந்த இடம் கப்பப்பார். கடலுக்கடியில் பாறை இருந்தால் அவர்கள் பார் என்பார்கள், இது கப்பல் கிடக்கும் பார், அவ்வளவுதான். அறிஞர்கள் கருவி போட்டுத் தேடிக் கண்டுபிடித்தோம் என்று அறிக்கை எழுதிய நாளில், நாலு தலைமுறையாக அங்கே வலை கிழிந்துகொண்டிருந்தவர்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள்! முழுக் கப்பலையும் தூக்க முடியவில்லை, துண்டு துண்டாகத்தான் வந்தது. பீரங்கிக் கூண்டின் பாதி, நங்கூரம், கவசத் தகடு பதினொன்று, இந்தக் கதவு. மேலே அதிகாரிகளின் அறைப் பக்கம் பித்தளைப் பெயர்த் தகடுகள் கிடைத்தன, ஒவ்வொன்றிலும் முழுப் பேர், பதவி. கீழே கொதிகலனுக்குக் கரி தள்ளியவர்கள் இந்தக் கரைக்காரர்கள். கப்பலின் ஆள் பட்டியலில் அவர்களுக்கு ஒரே ஒரு வரி: உள்ளூர்க் கரியாட்கள், பதினான்கு. பேர் இல்லை, ஊர் இல்லை. பதினான்கு என்ற எண் மட்டும், ஏதோ கத்தரிக்காய் வாங்கிவந்த மாதிரி. அந்தக் கதவு திறந்தேதான் கிடந்தது என்று முக்குளித்தவர்கள் சொன்னார்கள். கீல் முழுக்க விரிந்திருந்ததாம். அவள் அதை மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். திறந்திருந்தால் வெளியே ஓடியிருக்கலாம். கரை அன்றைக்கு அவ்வளவு தூரமில்லை, இந்தக் கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், நீந்தத் தெரியாமலா இருக்கும். தப்பியிருப்பார்கள். பதினான்கு பேரும் இல்லையென்றாலும் எட்டுப் பேர், பத்துப் பேர். நனைந்த வேட்டியோடு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருப்பார்கள், உள்ளேயிருந்து யாரோ திட்டிக்கொண்டே திறந்திருப்பார்கள். இதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. ஒரு வேதியியல்காரி ஆதாரமில்லாமல் நம்புகிற ஒரே விஷயம் இதுதான், அதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லாத விஷயங்களில் இது ஒன்றும் பெரிய விஷயமும் இல்லை.

பெரிய விஷயம் இதோ தண்ணீருக்கு மேலே வந்துகொண்டிருக்கிறது. கதவின் நெற்றி என்று சொல்லலாம், மேல்விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே, நடுவில். அங்கே ஒன்றுமில்லை. வெறும் இரும்பு. பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள், கண் அங்கேயே போகிறது. அங்கே ஒரு பொட்டு இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆயுத பூஜை. கொம்பையா அப்போது ஷெட்டில்தான் இருந்தார், சங்கிலிக் கப்பி அவர் கையில். எவ்வளவு கனமான தகடானாலும் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்குவார். ஆயுத பூஜை வந்தால் அவரைப் பிடிக்க முடியாது. பம்பு, கப்பி, தராசு, எக்ஸ்ரே எந்திரம், ஆபீஸ் பிரிண்டர், எதையும் விடமாட்டார், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். ஒரு வருஷம் அவளுடைய மைக்ராஸ்கோப்பின் கண்ணிலேயே பொட்டு வைத்துவிட்டார், துடைக்க ஒரு நாள் ஆனது. கடலிலிருந்து வந்த சாமானைத் தொடக் கூடாது என்று வருஷா வருஷம் சொல்வாள், அவரும் தலையாட்டுவார். அந்த வருஷம் கதவு புதிதாக வந்திருந்தது. மேலெல்லாம் இரண்டு விரல் கனத்துக்குக் கடல் ஓடு, சிப்பியும் மணலும் துருவும் சேர்ந்து கல்லாய் இறுகியது. விடுமுறை முடிந்து வியாழக்கிழமை வந்து பார்க்கிறாள், மேலே ஒரு பாளம் ஓடு பெயர்ந்து தரையில் கிடக்கிறது, பெயர்ந்த இடத்தில், கதவின் நெற்றியில், கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு பொட்டு. அவளுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. பொட்டு வைக்க இடம் போதாதென்று ஓட்டையே பெயர்த்துவிட்டார் இந்த மனிதர். வேறு எப்படி நினைப்பாள்? தமிழ்நாட்டில் இரும்பின் மேல் சிவப்புப் பொட்டைப் பார்த்தால் வேறு எப்படித்தான் நினைப்பது? இதை ஆறு வருஷமாக அவள் தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறாள், ஒவ்வொரு தடவையும் கேள்வி நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அது போதவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு சுரண்டல் எடுத்துச் சோதித்திருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை. மற்ற எதற்கும் சோதிக்காமல் கை வைக்காதவள் இதற்கு மட்டும் வாயால் தீர்ப்புச் சொன்னாள். எல்லார் முன்னாலும். அன்றைக்கு அண்ணாச்சி என்ற சொல்கூட வாயில் வரவில்லை. "கொம்பையா, இது உங்க வீட்டு மாட்டுக் கொம்பு இல்ல. இது நூறு வருஷத்துச் சாமான்." அவர், "நான் வைக்கலம்மா" என்றார். "நீங்க வைக்காம இதுவே வச்சுக்கிட்டுதா?" யாரோ சிரித்தார்கள். அசிட்டோன் பாட்டிலையும் பல்துலக்கும் பிரஷ்ஷையும் அவர் கையில் கொடுத்து, நீங்களே அழியுங்க என்றாள். அவர் வாங்கிக்கொண்டார். "யாரு வச்சதோ, பொட்டும்மா. அழிக்கச் சொல்லுதீங்களே" என்றார், பிறகு ஏணியில் ஏறித் தேய்த்தார். கால் மணி நேரம் தேய்த்தார். அவள் பக்கத்தில் நின்றாள். பதிவேட்டில் எழுதினாள்: பிற்காலக் கறை, நீக்கப்பட்டது. அடுத்த வாரம் அவரே கேட்டுத் தோட்டத்துக்கும் வாசலுக்கும் மாற்றல் வாங்கிக்கொண்டார்.

பம்பு ஒருமுறை இருமியது, பிறகு சரியானது. தண்ணீர் மார்பளவுக்கு வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் வெளியே போயிருக்க, அவள் தனியாகக் கைப்பிடிக்குப் பக்கத்துக் கடல் ஓட்டைச் சிறு உளியால் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஓட்டின் மேல் உள்ளங்கை அகலச் சிப்பி ஒன்று வளர்ந்து செத்துக் கல்லாகியிருந்தது. அது விட்டு வந்தபோது அடியில் சிவப்பு. வட்டம். கட்டைவிரல் அகலம். உளி கையிலிருந்து விழுந்தது, அது காலில் விழுந்ததுகூட வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதுதான் தெரிந்தது. கொம்பையா எவ்வளவு பக்தியுள்ள மனிதராக இருந்தாலும் நூறு வருஷத்துச் சிப்பிக்கு அடியில் புகுந்து பொட்டு வைக்க முடியாது. அன்றைக்கு அந்தப் பாளமும் தானாகத்தான் பெயர்ந்து விழுந்திருக்கிறது. சோதித்தாள், இந்தத் தடவை சோதித்தாள்: ஈயச் செந்தூரம். கப்பல் இரும்பு துருப்பிடிக்காமலிருக்க அடிக்கிற சிவப்புப் பூச்சு. பொட்டு இருந்த உள்பக்கம் வெறும் இரும்பாக விடப்பட்டது, கொதிகலன் சூட்டில் பெயின்ட் வீண் என்று அங்கே அடிப்பதில்லை. அங்கே இந்தச் சிவப்புக்கு வேலையே இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் கீழேயும் ஒன்று கிடைத்தது. யாரோ வைத்திருக்கிறார்கள். கடலில் குங்குமத்துக்கு எங்கே போவது? பெயின்ட் டப்பாவில் கட்டைவிரலை முக்கி, நெற்றிக்கு ஒன்று, கைப்பிடிக்கு ஒன்று, கீழே நிலைப்படி பக்கம் ஒன்று. பதினான்கு பேரில் ஒருத்தன். எந்த மாதமாக இருக்கும்? புரட்டாசியாகத்தான் இருக்கும். மேல்தளத்தில் துரைமார் எட்டிப் பார்க்காத நேரம் பார்த்து, கரிப் புகையில், சூட்டில், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இந்தா, நீயும் எங்களைக் காப்பாத்து என்று. அந்தப் பதினான்கு பேர் இந்தப் பூமியில் விட்டுப்போன கையெழுத்து இந்த மூன்று பொட்டுதான். அதில் ஒன்றை அவள் அசிட்டோன் கொடுத்து அழிக்க வைத்தாள். அதுவும் இந்தக் கரையில், அதே பொட்டை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதனின் கையால். அன்றைக்கே வாசலுக்குப் போயிருக்க வேண்டும், பத்து நிமிஷ நடை. போகவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கு அவர் நோட்டை நீட்டினார், வணக்கம்மா என்றார், அவளும் வணக்கம் என்றாள். சொல்லாத ஒன்று முதல் நாள் கூச்சமாக இருக்கும், பத்தாம் நாள் பயமாகிவிடும், ஒரு வருஷம் ஆனால் அதற்கு ஒரு நாற்காலி போட்டு வீட்டிலேயே உட்கார வைத்துவிடுவோம். அவள் செய்ததெல்லாம் மற்ற இரண்டையும் காப்பாற்றப் பார்த்ததுதான். சோடா பெயின்ட்டைத் தின்றுவிடும். அதனால் இரண்டின் மேலும் மெழுகு ஊற்றி, ரப்பர் வளையம் வைத்து, கிண்ணம் கவிழ்த்து, திருகாணிச் சட்டத்தால் இறுக்கினாள். கேட்டவர்களிடம் அங்கே ஆணித்தலை பலவீனம் என்றாள். சோடாவையும் பாதியாகக் குறைத்தாள். மூன்று வருஷத்து வேலை ஆறு வருஷமானது அதனால்தான். மூடின கிண்ணத்துக்குள் என்ன நடந்தது என்று திறக்கிற வரை யாருக்கும் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த இயக்குநர் ஜெபராஜ் நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு. அடுத்த மாதம் கப்பல் கூடம் திறப்புவிழா, லேபிள் வாசகம் இன்று மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். அவள் பதிவேட்டைப் பார்த்து அவரே எழுதிக் காலையில் அனுப்பியிருந்தார்: கொதிகலன் அறைக் கதவு. தேனிரும்பு. பிற்காலக் கறைகள் நீக்கப்பட்டு மூல நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. சரியா மேடம், என்று கீழே ஒரு கேள்வி. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்று சத்தியம் பண்ணலாம், அவளே எழுதியதுதானே. சரி என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும். கண்ணாடிக்குள் கதவு நிற்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டு ஐஸ் விற்கிற வண்டிக்கு ஓடும், யாருக்கு என்ன நஷ்டம். கொம்பையா வாசலில் இருப்பார். இன்னும் மூன்று வருஷத்தில் அவருக்கு ஓய்வு. அதுவரை வணக்கம்மா, வணக்கம். முடியாது என்று உள்ளே ஏதோ ஒன்று சொல்கிறது. ஆனால் அது காலையிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, அதன் பேச்சைக் கேட்டு அவள் இதுவரை செய்திருப்பது ஹோஸ் கொண்டுவரச் சொன்னது ஒன்றுதான். அவ்வளவுதானா? அவ்வளவுதான். அதுவே பெரிசு என்று ஒரு மனம், போடி என்று இன்னொரு மனம்.

"வணக்கம்மா." கொம்பையா ஹோஸைத் தோளில் வளையமாகப் போட்டுக்கொண்டு ஷெட் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. ஆறு வருஷமாக இந்தப் படியை அவர் மிதித்ததில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "உள்ள வாங்க" என்றாள். வந்தார். கப்பியை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார், சங்கிலியை விரலால் தட்டினார், "எண்ணெய் போடுததே இல்ல போலுக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். தண்ணீர் கைப்பிடிக்குக் கீழே இறங்கிவிட்டது. அவர் கையுறை போட்டுக்கொண்டு ஹோஸைக் குழாயில் மாட்டினார். அவள் ஏணியில் ஏறி, கையுறை போட்ட கையால் முதல் கிண்ணத்தின் திருகாணிகளைத் தளர்த்தினாள். நாலு திருகாணி. மூன்றாவது மரை பிடித்துக்கொண்டு வரவில்லை. அந்த அரை நிமிஷத்தில் அவள் கும்பிடாத சாமி இல்லை, கடைசியில் வேதியியல் சாமியையும் கும்பிட்டாள். கிண்ணம் கழன்று வந்தது. மெழுகு கெட்டியாக, பழுப்பாக இருந்தது. மரக்கரண்டியால் நெம்பினாள். அடியில் சிவப்பு. ஓரம் கொஞ்சம் அரித்திருந்தது, நடுவில் முழுதாக, மங்கலாக, யாரும் பார்த்தால் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிற மாதிரி, பொட்டு. சந்தோஷம் இப்படித்தான் இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது, மூக்கு அடைத்துக்கொண்டது, கண் கரித்தது. கீழேயிருந்து கொம்பையா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

கீழ்க் கிண்ணத்துக்கு இன்னும் இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போதே சொல்லிவிடலாம். வேண்டாம், இரண்டும் பத்திரமாக வந்த பிறகு சொன்னால் கை நிறைய வைத்துக்கொண்டு சொல்கிற மாதிரி இருக்கும். ஒன்று போச்சு, ஆனால் பாருங்கள், இரண்டைக் காப்பாற்றியிருக்கிறேன். நல்ல கணக்குத்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறவள்கூட வெறுங்கையோடு போக மாட்டாள் போல, ஒரு தட்டில் எதையாவது வைத்துக்கொண்டுதான் போவாள். தண்ணீர் முழங்காலளவு. கணுக்காலளவு. பம்பு காற்றை இழுத்து உறுமியது, கொம்பையா தானாகவே போய் அணைத்தார். திடீரென்று அவ்வளவு அமைதி. ஹோஸைத் திறந்து கதவை மேலிருந்து கீழே கழுவினார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், சோடாவின் வழவழப்புப் போகும்வரை. சோதனைத் தாளை ஒட்டிப் பார்த்துப் போதும் என்றாள். தொட்டிக்குள் இறங்கிக் குனிந்து கீழ்க் கிண்ணத்தைத் தொட்டாள். தொட்ட உடனே தெரிந்துவிட்டது. அது ஆடியது. ரப்பர் வளையம் ஒரு பக்கம் வெடித்திருந்தது, மெழுகு சோப்பு மாதிரிக் குழைந்திருந்தது. வழித்தாள். அடியில் இரும்பு. சிவப்பு என்று சொல்ல ஒரு கடுகளவும் இல்லை. விளக்கைக் கிட்டே பிடித்தாள், தள்ளிப் பிடித்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இல்லை. இதை யாரும் தேய்க்கவில்லை. இது அவளே, அவள் கையாலேயே, பத்திரப்படுத்தி அழித்தது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா?"

"போச்சு."

"என்ன போச்சு?"

கை நிறைய ஒன்றும் இல்லை இப்போது. தட்டும் இல்லை. இருந்தாலும் வாய் திறந்தது, அவளுக்கே ஆச்சரியம்.

"அண்ணாச்சி, அன்னைக்கு மேல இருந்த பொட்டு நீங்க வச்சது இல்ல."

"இல்ல."

"கப்பல்ல இருந்தவங்க வச்சது. கரி தள்ளுனவங்க. மூணு மாசத்துலயே எனக்குத் தெரிஞ்சுட்டு. இத்தன வருஷம் சொல்லல. உங்களை எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசிட்டு, தெரிஞ்சும் சொல்லல. தப்பு பண்ணிட்டேன்."

கொம்பையா குழாயை மூடினார். ஹோஸின் வாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"குங்குமம்னா பிரஷ்ல இழுவும், தண்ணி செவப்பாயிரும். இது இழுவல. பக்கு பக்கா உரிஞ்சுது. பழைய பெயின்ட்டு. இங்க வாரதுக்கு முந்தி துறைமுகத்துல பதினஞ்சு வருஷம் கப்பலுக்குச் சுரண்டுனவன் நானு, எனக்குத் தெரியாதா? ரெண்டு தேய்ப்புலயே தெரிஞ்சு போச்சு."

"பின்ன ஏன் நிறுத்தல? ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேனே. நான் வைக்கலன்னு சொன்னேனே." குரல் உயரவில்லை. "அதுக்கப்புறம் எனக்கு ரோசம் வந்துட்டும்மா. அழியணும்னுதான சொல்லுதாவ, அழிஞ்சு போட்டும்னு நல்லா அழுத்தித் தேச்சேன். வேணும்னே தேச்சேன். வீட்டுக்குப் போயிச் சோறு எறங்கல. மறுநாளும் எறங்கல. அதான் தோட்டத்துக்குப் போயிட்டேன். இந்தக் கதவு மொகத்துல முழிக்க முடியலம்மா."

ஆறு வருஷமாக ஒருத்தர் நோட்டை நீட்ட, ஒருத்தர் கையெழுத்துப் போட, ஒரே சுமையை இரண்டு பேரும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு, வணக்கம்மா, வணக்கம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது, எது எது என்று பிரிக்க அவள் முயலவும் இல்லை. கொம்பையா தொட்டிக்குள் இறங்கி வந்தார். அவளைத் தேற்ற வருகிறார் என்று நினைத்தாள். அவர் நேரே கதவுக்குப் போனார், கையுறையைக் கழற்றினார்; வெறுங்கையால் தொடாதீங்க என்று நாக்கு நுனி வரை வந்ததை அவள் விழுங்கினாள். எட்டிக் கதவின் நெற்றியில், தான் தேய்த்த இடத்தில், கட்டைவிரலை வைத்தார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி மெல்லத் தடவினார். விரல் நின்றது. திரும்பவும் தடவினார், இந்த முறை மெக்கானிக் தடவுகிற மாதிரி.

"அம்மா, இங்க வாங்க. இங்க மேடாருக்கு."

"துரு மிச்சம் இருக்கும்."

"துரு இல்ல. வட்டமா இருக்கு."

எழுந்து போய் விளக்கைப் பக்கவாட்டில், இரும்போடு ஒட்டிப் பிடித்தாள். சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்தது. சுற்றிலும் கடல் அரித்து அம்மைத் தழும்பாகக் கிடந்த இரும்புக்கு நடுவில், கட்டைவிரல் அகலத்தில், தாள் கனத்துக்கு உயர்ந்து, வழவழவென்று ஒரு வட்டம். ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பிறகு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. துருப்பிடிக்காமலிருக்க அடிக்கிற சிவப்பு! நூறு வருஷம் அந்தப் பொட்டு தன் அடியில் இருந்த இரும்பைக் கடலுக்குக் கொடுக்கவில்லை. சுற்றியிருந்தது கரைந்தது, அது மட்டும் நின்றது. மேலிருந்த சிவப்பைத்தான் இவர்கள் அழித்தார்கள். அது காத்த இடம் அப்படியே இருக்கிறது. அப்போது சுற்றியிருந்த பள்ளத்தைத் துரு மூடியிருந்தது, அதனால் தெரியவில்லை. ஆறு வருஷம் சோடாவில் நின்று துரு விட்ட பிறகுதான் தெரிகிறது. முப்பது வருஷம் இரும்பு படித்தவளுக்கு இது தோன்றவில்லை, அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள், கிட்டத்தட்ட தலை முட்டிக்கொண்டது. கீழே, குழைந்த மெழுகு இருந்த இடத்தில், அவர் விரலை வைத்தார். தலையாட்டினார். அவளும் கையுறையைக் கழற்றி, தன் ரேகையில்லாத விரலை வைத்தாள். வட்டம். இருந்தது.

"மூணும் இருக்கும்மா" என்றார் கொம்பையா.

அவள் மேசையிலிருந்து பதிவேட்டை எடுத்துவந்து தொட்டியின் விளிம்பில் வைத்து எழுதினாள், எழுத எழுத வாய்விட்டுப் படித்தாள்: கதவில் மூன்று பொட்டுகள். வைத்தவர்கள் கப்பலின் கரியாட்கள் பதினான்கு பேரில் ஒருவர் அல்லது பலர். முதலாவது, பிற்காலக் கறை என்று தவறாகக் கருதி என் உத்தரவின்பேரில் அழிக்கப்பட்டது. மூன்றாவது, என் மூடி கசிந்ததால் அழிந்தது. இரண்டின் இடமும் இரும்பில் நிற்கிறது. லேபிளில் இதைச் சேர்க்கவும். கீழே கையெழுத்துப் போட்டாள். ஜெபராஜுக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பப் போனாள்.

"இருங்கம்மா. தேச்சவன் பேரையும் போடுங்க."

"அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. சொன்னது நான்."

"தேச்சது நாந்தான? அழிச்சவங்க பேராவது இருக்கட்டும். வச்சவன் பேருதான் இல்லாமப் போச்சு."

அவள் மறுபடி பேனாவை எடுத்தாள். முழுப் பேராகப் போட வேண்டும். கொம்பையா என்று எழுதப் போனவள் நிறுத்தினாள்.

"உங்க அப்பா பேரு என்ன?" என்று கேட்டாள். இருவரும் இங்கே வேலைக்கு வந்து பதினோரு வருஷம், முதல் தடவையாகக் கேட்கிறாள்.